கைப்பிடியை விட்டால் காசு நின்றுவிடும்

ஆளுயரத்துக்கு ஒரு பெட்டி. அதில் ஒரு பகுதி கண்ணாடி போன்ற பிளாஸ்டிக். உள்ளே செம்பு நிறத்தில் ஒரு சென்ட் காசுகள் குவிந்து கிடப்பது வெளியிலிருந்தே தெரிகிறது. பெட்டியில் ஒரு கைப்பிடி. அதைப் பிடித்துச் சுற்ற வேண்டும். விடாமல் சுற்றினால் 4.97 விநாடிக்கு ஒரு காசு வந்து விழும். கையை எடுத்தால் காசு நின்றுவிடும். படைப்பு அவ்வளவுதான்.

பிளேக் ஃபால்-கான்ராய் என்ற அமெரிக்கக் கலைஞர் 2008 முதல் 2010 வரை உழைத்து உருவாக்கிய இதன் பெயர் 'குறைந்தபட்சக் கூலி இயந்திரம்'. 4.97 என்ற எண் கொஞ்சம் விசித்திரமாகத் தோன்றலாம். அப்போது நியூயார்க் மாநிலத்தில் ஒரு மணி நேர உழைப்புக்குச் சட்டப்படி தர வேண்டிய குறைந்தபட்சக் கூலி 7.25 டாலர், அதாவது 725 சென்ட். மணிக்கு 3,600 விநாடி. 3,600-ஐ 725-ஆல் வகுத்தால் 4.97. கலைஞர் தன் விருப்பத்துக்கு வைத்த எண் அல்ல அது. சட்டத்தில் இருந்ததை அவர் விநாடிக் கணக்காக மாற்றினார், அவ்வளவே. கூலி 15 டாலராக உயர்ந்தால் 2.4 விநாடிக்கு ஒரு காசு விழும்படி இயந்திரத்தைத் திருத்திக்கொள்ளலாம்.

இதைப் படித்த அன்று எனக்கு ஒரு விபரீத ஆசை வந்தது. உண்டியலில் கிடந்த ஒரு ரூபாய் நாணயங்களை மேசையின் இடப்பக்கம் கொட்டிக்கொண்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி ஐந்து விநாடிக்கு ஒன்றாக வலப்பக்கம் நகர்த்தினேன். முதல் நிமிடம் விளையாட்டாக இருந்தது. மூன்றாவது நிமிடத்தில் விநாடி முள் மெதுவாகப் போவதாகப் பட்டது. ஐந்தாவது நிமிடத்தில் மூக்கு அரித்தது. சொறிந்துகொண்டால் ஒரு காசு போகும். சொறியவில்லை. எட்டாவது நிமிடத்தில் யாரோ கதவைத் தட்ட, நிம்மதியாக எழுந்து போனேன். வலப்பக்கம் தொண்ணூற்றுச் சொச்சம் நாணயங்கள் இருந்தன.

அந்த மூக்கு அரிப்பில்தான் 'இயங்கு சிற்பம்' என்ற இந்த வகைக் கலையின் சூட்சுமம் இருக்கிறது. குறைந்தபட்சக் கூலி போதாது என்று ஆயிரம் கட்டுரைகள் வந்திருக்கின்றன. படித்துத் தலையசைத்துவிட்டு அடுத்த பக்கம் புரட்டிவிடுகிறோம். கைப்பிடியைச் சுற்றுகிறவருக்கு அந்த வசதி இல்லை. ஒரு காசுக்கும் அடுத்த காசுக்கும் நடுவே உள்ள நேரத்தை அவர் தன் தோள்பட்டையால் அளந்தாக வேண்டும்.

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். எட்டு மணி நேரம் இடைவிடாமல் சுற்றினால் 5,800 காசு. ஒரு சென்ட் காசின் எடை 2.5 கிராம். மொத்தம் பதினாலரைக் கிலோ. சமையல் எரிவாயு உருளைக்குள் இருக்கும் வாயுவின் எடையை ஒட்டி வருகிறது. அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனால் கையில் 58 டாலர். இதில் ஒரு கூடுதல் வேடிக்கை: ஒரு சென்ட் காசை அச்சடிக்க அதன் மதிப்பைப்போல மூன்று மடங்குக்கும் மேல் செலவாகிறது என்பதால், அமெரிக்க அரசு 2025 நவம்பரில் அதைப் புழக்கத்துக்கு அச்சடிப்பதையே நிறுத்திவிட்டது. 2009-இல் 7.25 டாலரான அந்நாட்டுக் கூட்டரசின் குறைந்தபட்சக் கூலியோ அதே இடத்தில் அசையாமல் நின்றது. மாநிலங்கள் தனித்தனியே உயர்த்திக்கொண்டால்தான் உண்டு. நியூயார்க் அப்படி உயர்த்திக்கொண்ட மாநிலங்களில் ஒன்று.

சரி, ஒரு பெட்டியும் கைப்பிடியும் எப்படிச் சிற்பம் ஆகும்?

சிற்பம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது கல்லோ சுதையோ செம்போ, எப்படியும் அசையாத ஒன்று. 'சிலையாக நின்றான்' என்று சொல்வதே அசைவற்று நின்றதைத்தான். இயங்கு சிற்பம் அந்த வழக்கைத் தலைகீழாக்குகிறது. இங்கே அசைவுதான் படைப்பு. காற்று அசைக்கலாம், மின்மோட்டார் அசைக்கலாம், தண்ணீர் அசைக்கலாம், பார்க்க வந்தவரின் கையே அசைக்கலாம். அசைவை நிறுத்திவிட்டால் பொருள் மட்டும் மிஞ்சும், படைப்பு காணாமல் போகும். தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையை நினைத்துக்கொள்ளுங்கள். அசையாமல் இருக்கும்போது அது ஒரு சாயம் பூசிய பொம்மை. தட்டிவிட்டால்தான் அதற்கு ஒரு குணம் வருகிறது. அந்தக் குணத்தை வைத்து நம் மக்கள் அலுவலகத்தைப் பற்றி ஒரு விமர்சனமும் செய்துவிட்டார்கள். மேலதிகாரி என்ன சொன்னாலும் ஆமாம் போடுகிறவருக்கு வேறு என்ன பெயர் வைத்திருக்கிறோம்?

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1913-இல் மார்செல் துஷாம்ப் ஒரு ஸ்டூலின்மேல் சைக்கிள் சக்கரத்தைத் தலைகீழாகப் பொருத்தினார். சுற்றிவிட்டால் சுழலும். 1920 வாக்கில் மாஸ்கோவில் நௌம் காபோ ஒரு மெல்லிய எஃகுக் கம்பியை மோட்டாரால் அதிர வைத்தார். அதிரும்போது வெறும் காற்றில் ஓர் அலை நிற்பதுபோலத் தெரியும். 1930-களில் அலெக்சாண்டர் கால்டரின் தொங்கு சிற்பங்கள் காற்றில் மிதந்தன. 1955-இல் பாரிஸில் டெனிஸ் ரெனே கலைக்கூடம் அசைவையே தலைப்பாகக் கொண்டு ஒரு கண்காட்சி நடத்தியது. இவர்களில் பலருக்கு வேலை, கூலி, தொழிற்சாலை எதிலும் பெரிய அக்கறை இல்லை. அசைவின் அழகுதான் அவர்களுக்கு வேண்டியிருந்தது.

ஆனால் அசைவு என்று வந்துவிட்டால் நேரமும் கூடவே வந்துவிடுகிறது. ஓவியத்தில் ஒரு நெசவாளி தறியில் உட்கார்ந்திருந்தால், அவருடைய நாளின் ஒரு கணம் மட்டும் நமக்குக் கிடைக்கிறது. இயந்திரம் ஒன்று அதே அசைவை நூறு முறை, ஆயிரம் முறை செய்துகாட்டினால், அந்த நாள் எவ்வளவு நீளம் என்பது தெரிகிறது. கூலி வேலை என்பதே நம் நேரத்தை விற்பது என்றால், நேரத்தைப் பொருளாகக் கொண்ட கலை அதைப் பற்றிப் பேசத் தொடங்கியது இயல்புதான்.

அப்படிப் பேசியவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் ழான் டிங்கெலி. 1925-இல் சுவிட்சர்லாந்தில் பிறந்தவர். பாசல் நகரத்தில் வளர்ந்து, கடைகளின் காட்சிக் கண்ணாடிக்குப் பின்னால் பொருள்களை அழகாக அடுக்கும் தொழிலைப் பயின்றவர். பிற்பாடு அவருடைய கச்சாப் பொருள் முழுக்கப் பழைய இரும்பு: துருப்பிடித்த சக்கரங்கள், பட்டைகள், கடகடக்கும் மோட்டார்கள். தொழிற்சாலை இயந்திரம் வழவழப்பாக, சத்தமில்லாமல், குறி தவறாமல் ஓட வேண்டும். டிங்கெலியின் இயந்திரங்கள் இருமும், திக்கும், முனகும். பார்க்கிறவருக்குச் சிரிப்பு வரும், கொஞ்சம் பாவமாகவும் இருக்கும்.

1959-இல் அவர் பாரிஸில் காட்டியவை ஓவியம் வரையும் இயந்திரங்கள். காகிதத்தைச் செருகி, பேனாவைப் பொருத்தி ஓடவிட்டால், அது நடுங்கி நடுங்கி ஓர் அரூப ஓவியத்தை வரைந்து தரும். ஓவியனின் உள்ளத்திலிருந்து பீறிடுவதாகச் சொல்லப்பட்ட கோடுகளை ஒரு மோட்டார் நிமிடக்கணக்கில் உற்பத்தி செய்தது அன்றைக்குக் கேலி. படம் வரைந்து பிழைக்கும் என் நண்பர்களிடம் இன்று இதைச் சொன்னால் யாரும் சிரிப்பதில்லை.

எனக்கு அதைவிடப் பிடித்தது 1967-இல் அவர் செய்த 'ரோட்டோசாசா'. ஆடிக்கொண்டே பந்துகளை வெளியே துப்பும் பெரிய இயந்திரம். சுற்றி நிற்பவர்கள் பந்துகளை ஓடிப்பிடித்து மீண்டும் அதற்குள் போட வேண்டும். போட்டால்தான் அது மறுபடி துப்பும். குழந்தைகளுக்கு இது கொண்டாட்டம். சற்றுத் தள்ளி நின்று பாருங்கள்: இயந்திரம் உற்பத்தி செய்கிறது, மக்கள் வியர்க்க விறுவிறுக்க அதற்குத் தீனி போடுகிறார்கள், உற்பத்தியானது எதுவும் யாருக்கும் மிஞ்சவில்லை. கூலியில்லாத வேலையாட்களாகத் தங்களை ஆக்கிவிட்டது அந்த இயந்திரம் என்று அங்கே ஓடிக்கொண்டிருந்தவர்களில் எத்தனை பேருக்கு உறைத்திருக்கும்? அதே வரிசையில் அடுத்து வந்தவை பாட்டில்களையும் தட்டுகளையும் ஒவ்வொன்றாக எடுத்து உடைத்தன. தட்டு உடைக்கும் இயந்திரம் 1969-இல் பெர்ன் நகரத்தில் ஒரு பெரிய கடையின் காட்சிக் கண்ணாடிக்குப் பின்னால் ஓடியது. விற்பதற்கென்று பொருளை அடுக்கிவைக்கும் இடத்தில், அந்த வேலையை ஒருகாலத்தில் பயின்றவர், பொருளை உடைக்கும் வேலையை வைத்தார்.

அவருடைய புகழ்பெற்ற கலாட்டா இதற்கெல்லாம் முந்தியது. 1960 மார்ச் 17 அன்று நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் தோட்டத்தில், பியானோ, சைக்கிள் சக்கரங்கள், குளியல் தொட்டி என்று குப்பைமேட்டில் பொறுக்கியவற்றைக் கொண்டு கட்டிய ஒரு பிரம்மாண்ட இயந்திரம் தன்னைத்தானே அழித்துக்கொண்டது. பில்லி க்ளூவர் என்ற பொறியாளர் உதவினார். ராபர்ட் ரௌஷன்பெர்க் என்ற அமெரிக்கக் கலைஞர் தன் பங்குக்கு வெள்ளி டாலர்களை வீசியெறியும் ஒரு கருவியைச் சேர்த்துவிட்டார். 27 நிமிடம் ஓடியது. பியானோ தீப்பற்ற, கடைசியில் தீயணைப்பு வீரர் வந்து அணைத்தார். திட்டமிட்டபடி அது அழியவும் இல்லை. சில பாகங்கள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

இனி, கைப்பேசியில் உங்களில் பலர் ஏற்கெனவே பார்த்திருக்கக்கூடிய ஒன்று.

கண்ணாடிபோல் தெரியும் சுவர்களுக்குள் வெள்ளைத் தரை. நடுவில் ஒரு தொழிற்சாலை ரோபோவின் கை. அதைச் சுற்றி ரத்தம் போன்ற அடர்சிவப்பில் கெட்டியான திரவம் மெல்லப் பரவுகிறது. குறிப்பிட்ட எல்லையைத் தாண்டி அது கசிந்தால், கை சட்டென்று திரும்பி, நுனியில் இருக்கும் ரப்பர் துடைப்பானால் அதை வழித்து உள்ளே தள்ளும். ஒரு பக்கம் வழித்தால் மறுபக்கம் கசியும். திரும்பும். வழிக்கும். சுவரெல்லாம் சிவப்புத் தெறிப்பு. நடுநடுவே கொஞ்சம் ஓய்வு கிடைத்தால் கை நிமிர்ந்து, சொறிந்துகொள்வதுபோல, குனிந்து வணங்குவதுபோல, இடுப்பை ஆட்டுவதுபோல ஏதேனும் செய்யும். கலைஞர்கள் அதற்கு 32 அசைவுகளைக் கற்றுக்கொடுத்திருந்தார்கள்.

இது பெய்ஜிங்கைச் சேர்ந்த சுன் யுவான், பெங் யூ இணையர் 2016-இல் நியூயார்க் குகன்ஹைம் அருங்காட்சியகத்துக்காகச் செய்தது. தலைப்பைத் தமிழில் 'என்னால் அடக்கிக்கொள்ள முடியவில்லை' என்று சொல்லலாம். 2019-இல் வெனிஸ் கண்காட்சியிலும் ஓடியது. அதன்பின் காணொளிகள் பரவின. கூடவே ஒரு கதையும் பரவியது. அந்தச் சிவப்புத் திரவம்தான் ரோபோவை இயக்கும் எண்ணெய், அது தன் உடலிலிருந்தே கசிகிறது, வழித்து உள்ளே சேர்க்காவிட்டால் ரோபோ செத்துவிடும், முதலில் ஆடிப்பாடிக்கொண்டிருந்தது வரவரக் களைத்துப்போய்க் கடைசியில் 2019-இல் இறந்தேவிட்டது என்று. கோடிக்கணக்கானோர் பார்த்தார்கள், பலர் அழுதார்கள்.

கதை பொய். ரோபோ மின்சாரத்தில் ஓடியது. திரவம் என்பது நிறம் சேர்த்த தண்ணீரில் கெட்டிப்படுத்தும் பொருள் ஒன்றைக் கலந்த கூழ். அது இல்லாவிட்டாலும் ரோபோவுக்கு ஒன்றும் ஆகாது. களைப்பும் கிடையாது. கண்காட்சி முடிந்தது, ஓட்டமும் முடிந்தது. படைப்பைக் காட்டியபோது முதன்மையாகப் பேசப்பட்டவையும் வேறு: நாடுகளின் எல்லைகள், கண்காணிப்பு, எல்லையைத் தாண்டுகிறவர்களைத் திருப்பித் தள்ளும் அதிகாரம். சிவப்பு நிறமும் எல்லைக்கோடும் அந்த நோக்கில் பார்த்தால் சட்டென்று பொருந்திவிடும்.

ஆனால் அந்தப் பொய்க்கதையை ஏன் அத்தனை பேர் உடனே நம்பினார்கள் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. 'மாடாய் உழைத்து ஓடாய்த் தேய்ந்தான்' என்று நாம் ஒரே மூச்சில் சொல்வதைத்தான் அவர்கள் அந்தக் கண்ணாடிக்குள் பார்த்தார்கள். உயிர் பிழைக்க உழைக்க வேண்டும், உழைப்பதிலேயே உயிர் கசிகிறது, கசிந்ததைச் சேர்க்க மேலும் உழைக்க வேண்டும். ஆட நேரமில்லை. மாதக்கடைசியில் வாடகை, தவணை, பள்ளிக்கட்டணம் என்று ஒவ்வொரு பக்கமாக வழித்துத் தள்ளிக்கொண்டிருப்பவருக்கு இதற்கு விளக்கவுரை தேவைப்படவில்லை. தகவல் பிழைதான். படைப்பின் உள்ளே இருந்த அசைவை அவர்கள் சரியாகவே படித்திருக்கிறார்கள் என்பது என் கட்சி. கலைஞரின் நோக்கத்தை மீறிப் படைப்பு வேறொன்றைச் சொல்லிவிடுவது எல்லாக் கலையிலும் நடப்பது. இயங்கு சிற்பத்தில் கூடுதலாக நடக்கிறது, ஏனென்றால் ஒன்று அசைந்தாலே நாம் அதற்கு மனசு ஒன்றை மாட்டிவிடுகிறோம்.

இதே உரிமையை எடுத்துக்கொண்டு நானும் ஒரு படைப்பை அலுவலகத்துக்கு இழுத்துவரப் போகிறேன். ஆர்தர் கேன்சன் என்ற அமெரிக்கச் சிற்பி 1992-இல் செய்த 'கான்கிரீட்டோடு இயந்திரம்'. கேன்சன் இதை வேலையைப் பற்றிச் செய்ததாகச் சொல்ல மாட்டேன். அண்டகாலத்தின் விரிவைத்தான் அவர் யோசித்திருக்க வேண்டும். அமைப்பு எளியது. ஒரு முனையில் மோட்டார், நிமிடத்துக்கு 212 சுற்று. அதிலிருந்து பன்னிரண்டு பற்சக்கர இணைகள் வரிசையாக. ஒவ்வொன்றும் முந்தியதன் வேகத்தை ஐம்பதில் ஒன்றாகக் குறைக்கும். மறுமுனையில் கடைசி அச்சு ஒரு கான்கிரீட் கட்டிக்குள் புதைந்திருக்கிறது. கட்டி அசையாது. மோட்டாரோ ஜோராக ஓடிக்கொண்டே இருக்கிறது. எதுவும் உடைவதில்லை.

எப்படி? கணக்குப் போடுங்கள். முதல் இணையைத் தாண்டியதும் ஒரு சுற்றுக்கு 14 விநாடி. இரண்டாவதில் 12 நிமிடம். மூன்றாவதில் சுமார் பத்து மணி நேரம். நான்காவதில் 20 நாள். ஐந்தாவதில் கிட்டத்தட்ட மூன்று ஆண்டு. ஆறாவதில் 140 ஆண்டு, அதற்குள் நாம் யாரும் இல்லை. ஏழாவதில் ஏழாயிரம். இப்படியே போனால் பன்னிரண்டாவது சக்கரம் ஒருமுறை சுற்ற 2 லட்சம் கோடி ஆண்டுக்கு மேல் ஆகும். பேரண்டத்தின் வயதே 1,380 கோடி ஆண்டுதான்.

எந்த அரசு அலுவலகத்திலாவது ஒரு மனு கொடுத்துவிட்டுக் காத்திருந்தவருக்கு இந்தச் சக்கரங்கள் பரிச்சயமானவையாகத் தோன்றும். முதல் மேசையில் ஒரே பரபரப்பு. முத்திரை விழுகிறது, எண் போடுகிறார்கள். அடுத்த மேசையில் சற்று நிதானம். அதற்கடுத்த மேசையில் 'அடுத்த வாரம் வாருங்கள்'. கடைசி மேசை கான்கிரீட். உள்ளே வேலை பார்ப்பவருக்கும் இது பொருந்தும். அறிக்கை எழுதுகிறோம், அதைப் பற்றி ஒரு கூட்டம், கூட்டத்தைப் பற்றி ஓர் அறிக்கை. விழலுக்கு இறைத்த நீர் என்று சொல்லலாம்தான், ஆனால் அதில் விழலாவது வளரும்.

இவற்றைப் பார்க்கப் புதிதாக ஒரு படிப்பு வேண்டாம். இப்படி ஒரு படைப்பின்முன் நின்றால் நான் முதலில் பார்ப்பது, இதை ஓட்டுவது யார் என்பதை. என் கையா, மோட்டாரா, வேறு யாருடைய உழைப்பாவதுமா? அடுத்து, கடைசியில் என்ன வந்து விழுகிறது? காசா, உடைந்த தட்டா, ஒன்றுமே இல்லையா? பிறகு சும்மா நின்றுவிடுவேன். குறைந்தது ஐந்து நிமிடம். அசைவு முதலில் வியப்பாகவும், பிறகு அலுப்பாகவும், அலுப்புக்குப் பிறகு வேறொன்றாகவும் மாறும். கைப்பேசியில் அரை நிமிடம் பார்ப்பவருக்கு வியப்பு மட்டும் கிடைக்கும். செக்குமாட்டை ஒரு சுற்று மட்டும் பார்த்துவிட்டு வந்தவருக்குச் செக்குமாடு என்ற சொல்லின் பொருள் தெரியாது.

எல்லாமே நன்றாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். ஒரு பல்சக்கரத்தை மாட்டி, பக்கத்தில் ஒரு கோட்டு-சூட்டுப் பொம்மையை நிறுத்தி, 'நவீன வாழ்க்கை' என்று பெயர் எழுதி வைக்கும் ரகமும் ஏராளம். அதை ஒருமுறை பார்த்ததுமே தீர்ந்துவிடும். ஃபால்-கான்ராயின் பெட்டியில் பொம்மையே இல்லை, பல்லவியும் இல்லை. 4.97 விநாடி இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஓடுகிற சிற்பம் தேயும். தேய்ந்தால் யாராவது திருத்த வேண்டும். பாசலில் இருக்கும் டிங்கெலி அருங்காட்சியகத்தில் பார்வையாளர் பொத்தானை அழுத்தினால் இயந்திரங்கள் சற்று நேரம் ஓடும். பிறகு கட்டாயமாகச் சில நிமிடம் ஓய்வு. எத்தனை முறை அழுத்தினாலும் அதுவரை அசையாது. பழைய உலோகத்துக்கு இடைவேளை தேவை என்று அங்கே யாருக்கும் வாதாடிப் புரியவைக்க வேண்டியிருக்கவில்லை.

லாஸ் ஏஞ்சல்ஸ் மாவட்டக் கலை அருங்காட்சியகத்தில் கிறிஸ் பர்டன் என்ற அமெரிக்கக் கலைஞர் செய்த 'மெட்ரோபோலிஸ் 2' என்ற பொம்மை நகரம் இருக்கிறது. 1,100 குட்டிக் கார்கள், பதினெட்டுச் சாலைகள். காந்தம் பதித்த பட்டைகள் கார்களை மேலே ஏற்றிவிட, அவை தாமாகச் சரிவில் பாய்ந்து இறங்கும். ஒரு மணி நேரத்தில் சுமார் ஒரு லட்சம் முறை கார்கள் சுற்றி வரும். இரைச்சல் காதைத் துளைக்கும். நகர வாழ்க்கையின் நெருக்கடியைப் பார்வையாளர் உணர வேண்டும் என்பது பர்டனின் எண்ணம். கார்கள் அவ்வப்போது முட்டிக்கொள்ளும், தடம் விலகும். அதனால் நகரம் ஓடும் நேரமெல்லாம் ஒரு பணியாளர் அதற்குள்ளேயே நின்று கவனிக்க வேண்டும். காணொளி கிடைத்தால் கார்களை விட்டுவிட்டு அவரைத் தேடுங்கள். பொம்மை மாடிக் கட்டடங்களுக்கு நடுவே, தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி, எங்கோ நின்றுபோன ஒரு காரை எடுக்கக் கையை நீட்டிக்கொண்டிருப்பார்.